ஒரு நாள் ஸ்கீப் பயணத்துக்கு முதுகுப்பை கட்டுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒஸ்லோ நகரின் வடக்கு எல்லையில் தொடங்கும் நூர்மார்க்கா காட்டுக்கு, குளிர்காலத்தில் ஒரு நாள் நெடுந்தூர ஸ்கீப் பயணம், அதாவது காலில் ஸ்கீ என்னும் நீண்ட பலகைகளைப் பூட்டி, கைகளில் கோல்களை ஊன்றிப் பனிமேல் வழுக்கிச் செல்லும் பயணம், போக நினைக்கும் தமிழர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். கேட்டவர்களில் பெரும்பாலோர் நோர்வேக்கு அண்மையில் வந்தவர்கள், அல்லது பிள்ளையின் பள்ளியிலிருந்து 'ஸ்கீ நாள்' அறிவித்தல் வந்து திகைத்து நிற்கும் பெற்றோர். ஸ்கீ ஓடக் கற்றுக்கொடுப்பது இதன் நோக்கமன்று. பையில் எது ஏற வேண்டும், எது வீட்டிலேயே கிடக்க வேண்டும் என்பது மட்டுமே இங்கு பேசுபொருள்.

எந்த வகைப் பயணத்தை மனத்தில் வைத்துப் பதில் சொல்கிறீர்கள்?

நிலக்கீழ் ரயிலின் 1ஆம் இலக்கத் தடத்தில் ஸ்கீக்களுடன் ஏறி, ஹோல்மன்கொல்லனைக் கடந்து கடைசி நிறுத்தமான ஃப்ரொக்னசேத்தெரனில் இறங்கி, காட்டுவழியே உல்லவோல்சேத்தர் விடுதியை அடைந்து இளைப்பாறி, அங்கிருந்து சொங்ஸ்வான் ஏரிக்கு இறங்கி, 5ஆம் இலக்க ரயிலில் வீடு திரும்பும் பயணத்தையே அளவுகோலாக எடுத்துக்கொள்கிறேன். பெப்ரவரி மாதத்துச் சனிக்கிழமை, மைனஸ் 7 பாகை, காற்று அதிகமில்லை என்று வைத்துக்கொள்வோம்.

இந்தக் காட்டின் தடங்களை 1883இல் தொடங்கப்பட்ட ஷீஃபோரெனிங்கன் என்னும் ஸ்கீச் சங்கம் இயந்திரங்களைக் கொண்டு சீராக்கி வருகிறது. எந்தத் தடம் கடைசியாக எப்போது சீராக்கப்பட்டது என்பதை அவர்களுடைய இணைய வரைபடத்தில் பார்த்துக்கொள்ளலாம். காட்டு விடுதிகள் திறந்திருக்கும் நாளையும் நேரத்தையும் அப்போதே பார்த்துவிட வேண்டும். விடுதி பூட்டியிருந்தால், அன்றைய உணவும் சூடும் முழுவதும் உங்கள் முதுகிலிருந்துதான் வந்தாக வேண்டும்.

கோடையில் நடைக்குக் கொண்டுபோகும் பையையே எடுத்துச் செல்ல முடியாதா?

பை அதுவாகவே இருக்கலாம். உள்ளே இருப்பவை வேறு. நெடுந்தூர ஸ்கீயில் கால்களும் கைகளும் முதுகும் ஒருங்கே உழைக்கின்றன. தசைகள் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு மட்டுமே இயக்கமாக மாறுகிறது. எஞ்சியது அனைத்தும் வெப்பமாக வெளியேறுகிறது. ஆகவே ஏற்றத்தில் மைனஸ் 7 பாகைக் குளிரிலும் உங்களுக்கு வேர்க்கும். ஆனால் மரக்குற்றியொன்றில் உட்கார்ந்த சில நிமிடங்களிலேயே அந்த அடுப்பு அணைந்துவிடும். உள்ளாடையில் ஊறிய வியர்வை மட்டும் அப்படியே இருக்கும். ஈரமான துணி உடம்பிலிருந்து வெப்பத்தை உறிஞ்சி எடுக்கும் வேகத்தை முதல் தடவை அனுபவித்தவர்கள் மறப்பதில்லை.

எனவே நான் பை கட்டும்போது ஒவ்வொரு பொருளையும் கையில் எடுத்து ஒரே கேள்வியைக் கேட்டுக்கொள்வேன்: நான் ஓடாமல் நிற்கும்போது இது எனக்கு உதவுமா? ஓடும்போது தேவைப்படுவதை உடம்பில் அணிந்திருக்கிறேன். பையிலுள்ளது, உணவுக்கு நிற்கும் வேளைக்கும், ஸ்கீயைக் காலணியோடு பிணைக்கும் கட்டு உடைந்து நிற்கும் வேளைக்கும், கூட வந்தவர் கணுக்காலைச் சுளுக்கிக்கொண்டு நிற்கும் வேளைக்கும் உரியது. கீழே வரும் பதில்களில் பெரும்பாலானவை இந்தக் கேள்வியிலிருந்து பிறந்தவையே.

அப்படியென்றால் உடம்பில் என்ன அணிந்து புறப்படுவது?

தோலை ஒட்டி மெல்லிய கம்பளி, அதன்மேல் காற்றைத் தடுக்கும் மெல்லிய மேற்சட்டை, இழுபடக்கூடிய ஸ்கீக் காற்சட்டை, காதை மூடும் மெல்லிய தொப்பி, கையுறை. மைனஸ் 7க்கு இவ்வளவே போதும். ரயில் நிலையத்தில் இறங்கியவுடன் சற்றே குளிர வேண்டும். அப்போதே கதகதப்பாக இருந்தால் அதிகம் அணிந்துவிட்டீர்கள் என்று பொருள், முதல் ஏற்றத்திலேயே நனைந்துவிடுவீர்கள்.

பருத்தி கூடாது என்று எல்லாரும் சொல்வதற்குக் காரணம் உண்டு. பருத்தி இழை நீரைக் குடித்து வைத்துக்கொள்ளும். இழைகளுக்கிடையே இருக்கவேண்டிய காற்று வெளியேறி, அந்த இடத்தை நீர் பிடித்துக்கொள்ளும். நீரோ காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். கம்பளி தன் எடையில் மூன்றிலொரு பங்கு வரை ஈரத்தை இழைக்குள்ளேயே வாங்கிக்கொண்டும், சுருளாக நின்று காற்றைப் பிடித்து வைத்திருக்கும். நம் ஊரில் வெயிலுக்கு உகந்தது என்று போற்றப்படும் பருத்தியின் அதே குணம், இங்கே குற்றமாகிவிடுகிறது. நான் முதற்குளிர்காலத்தில் ஜீன்சும் பருத்திப் பெனியனும் அணிந்து போனேன். அன்று விடுதியின் அடுப்பருகே இருந்த நேரம், ஸ்கீயில் இருந்த நேரத்தைவிட அதிகம்.

நோர்வேக்காரர்களில் பலர் கம்பளியின் கீழே வலைப்பின்னல் உள்ளாடை அணிவார்கள். 1930களில் நோர்வேப் படை அதிகாரி ஹென்ரிக் புரூன் மீன்வலையைத் தைத்து உருவாக்கியதாகச் சொல்லப்படும் இந்த உடை பார்வைக்குச் சிரிப்பூட்டும். ஆனால் வலைக்கண்களில் நிற்கும் காற்று தோலை உலர்வாக வைத்திருப்பதை அணிந்து பார்த்தால் உணரலாம்.

பையில் எத்தனை மாற்றுடைகள் வேண்டும்?

ஒரு கம்பளி மேலாடை, ஒரு சோடி கம்பளிக் காலுறை, ஒரு தடித்த தொப்பி, கழுத்தை மூடும் குழாய்த்துணி, இவை எல்லாவற்றுக்கும் மேலாகப் போட்டுக்கொள்ளக்கூடிய செயற்கைப் பஞ்சு அல்லது இறகு அடைத்த மேலங்கி. அந்த மேலங்கி நீங்கள் அணிந்திருக்கும் அனைத்தின் மீதும் ஏறும் அளவுக்குப் பெரிதாக இருக்க வேண்டும். இவற்றை நெகிழிப் பையொன்றில் இட்டுக் கட்டிவிடுங்கள். பையின் முதுகுப்பக்கம் வியர்வையால் நனைவது வழக்கம்.

மாற்றும் நேரமும் முக்கியம். பலர் நின்றதும் சுடுநீர்ப்போத்தலைத் திறந்து, சாப்பிட்டு, குளிரெடுத்த பின்னர்தான் உடையைப் பற்றி யோசிப்பார்கள். உடல் இன்னும் சூடாக இருக்கும் முதல் ஓரிரு நிமிடத்திலேயே ஈர மேலாடையைக் கழற்றி உலர்ந்ததை அணிந்து, மேலங்கியைப் போட்டுவிட வேண்டும். மைனஸ் 7இல் வெற்று மார்புடன் நிற்பதற்குக் கூச்சமாக இருக்கலாம். நூர்மார்க்காவில் அதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

கையுறை ஒரு சோடி போதாதா?

போதாது. ஓடுவதற்கு மெல்லிய விரல்கையுறை. நிற்பதற்கு விரல் பிரியாத தடித்த கம்பளிக் கையுறை. நான்கு விரல்களும் ஒரே அறையில் கிடந்து ஒன்றையொன்று சூடாக்குவதால் அது எப்போதும் விரல்கையுறையை வெல்லும். மெல்லியதைக் கழற்றினால் பனிமேல் வைக்காமல் மேற்சட்டைக்குள், வயிற்றோடு ஒட்டி வையுங்கள்.

காற்றில்லாத நாளில் காற்றுத்தடுப்பு எதற்கு?

காற்றை நீங்களே உண்டாக்குவீர்கள் என்பதற்காக. சொங்ஸ்வானை நோக்கிய நீண்ட இறக்கங்களில் மணிக்கு 30 கி.மீ. வேகம் சாதாரணமாக வந்துவிடும். வெப்பநிலை மைனஸ் 10 என்றால், அந்த வேகத்தில் முகத் தோலுக்கு அது ஏறத்தாழ மைனஸ் 20 போன்ற குளிராக இருக்கும். ஏற்றத்தில் வியர்த்து, உச்சியில் நிற்காமல் அப்படியே இறங்குபவர்கள் கீழே வரும்போது பல் கிட்டிப்போவதன் காரணம் இதுதான். இறக்கத்துக்கு முன் அரை நிமிடம் நின்று, பொத்தானைப் பூட்டி, குழாய்த்துணியை மூக்கு வரை ஏற்றிக்கொண்டால் போதும்.

சாப்பாட்டுக்கு என்ன கட்டுவது? சோறு கொண்டுபோகலாமா?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுவே, ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். மிதமான வேகத்தில் ஓடும் வளர்ந்தவர் ஒருவர் மணிக்கு 500 கிலோகலோரிக்கு மேல் செலவிடக்கூடும். ஆகவே 'வீட்டுக்கு வந்து சாப்பிடுவோம்' என்ற கணக்கு இங்கே பொருந்தாது. நோர்வேயின் மாட்பக்கே, அதாவது தாளில் சுற்றிய ரொட்டித் துண்டுகளும் பழுப்புநிறப் பாற்கட்டியும், இந்தத் தேவையை ஓரளவு நிறைவேற்றும். பழகாத நாக்குக்கு அது சற்றே இனிப்பான மெழுகு போல இருக்கும் என்பதை மறுப்பதற்கில்லை.

கட்டுச்சோறு என்று நாம் பழகிய புளிச்சோற்றையும் தயிர்ச்சோற்றையும் சாதாரண டப்பாவில் கொண்டுபோக வேண்டாம். சமைத்த சோற்றிலுள்ள மாப்பொருள் குளிரில் இறுகிவிடும். மைனஸ் வெப்பநிலையில் மூன்று மணி நேரம் கிடந்த புளிச்சோறு, பருக்கை பருக்கையாகக் கூழாங்கல் தின்பது போலிருக்கும். நான் ஒருமுறை அதை மரியாதைக்காக முழுவதும் சாப்பிட்டேன். இரண்டாம் முறை கொண்டுபோகவில்லை. அதே சோற்றை அகன்ற வாயுள்ள உணவுப் போத்தலில் கொதிக்கக் கொதிக்க இட்டால் கதையே வேறு. முதலில் போத்தலில் கொதிநீரை ஊற்றிப் பத்து நிமிடம் வைத்து, நீரைக் கொட்டிவிட்டு, உடனே சாம்பார்ச் சோற்றையோ கஞ்சியையோ நிரப்பி மூடுங்கள். வெறும் போத்தலில் இடும் சூட்டின் ஒரு பகுதியை உலோகமே விழுங்கிவிடும் என்பதால் இந்தச் சிறு வேலை வீணல்ல. மதியம் வரை ஆவி பறக்கும்.

பையிலேயே உறையாமல் இருப்பவை நீர் குறைந்த, கொழுப்போ இனிப்போ மிகுந்த பண்டங்கள். எள்ளுருண்டையும் கச்சான் அல்வாவும் இதற்கென்றே செய்தவை போல அமையும். வாயில் இட்டுச் சிறிது நேரம் ஊறவைத்தபின் கடியுங்கள், உறையாவிட்டாலும் குளிரில் இறுகியிருக்கும். வாழைப்பழம் கறுத்துக் குழைந்துவிடும். தோடம்பழம் நோர்வேக்காரரின் ஸ்கீப் பைகளில், சிறப்பாக ஈஸ்டர் காலத்தில், மரபாகவே இடம்பெறுவது. அதை வீட்டிலேயே உரித்து, உள்சட்டைப் பையில் வைத்துக்கொண்டால் கையுறையைக் கழற்றவும் வேண்டாம், பழம் உறையவும் மாட்டாது. 1937 முதல் விற்கப்படும் க்விக் லுன்ஷ் என்ற வேஃபர் சொக்கலேட், அந்நாட்டில் ஸ்கீப் பயணத்தின் அடையாளமாகவே ஆகிவிட்டது. வேஃபர் என்பதால் குளிரிலும் எளிதாக முறியும். முழுச் சொக்கலேட் கட்டியோ பல்லைப் பதம்பார்க்கும்.

ஒன்று மட்டும் மறக்க வேண்டாம்: ஒரு பங்கு உணவு, தொடப்படாமல் வீட்டுக்குத் திரும்பி வர வேண்டும். நினைத்ததைவிட இரண்டு மணி நேரம் கூடுதலாகக் காட்டில் நிற்க நேர்ந்தால் உண்பதற்கு உரியது அது.

குடிப்பதற்கு?

ஒருவருக்கு ஒரு லீற்றர். அதில் பாதிக்குமேல் சூடாக. குளிரில் தாகம் தோன்றாது, ஆனால் மூச்சுவழியாகவும் வியர்வைவழியாகவும் நீர் போய்க்கொண்டேதான் இருக்கும். நோர்வேக்காரர்கள் கறுப்புத் திராட்சை போன்ற சொல்பேர் பழத்தின் சாற்றைச் சூடாகக் குடிப்பார்கள். நான் கொண்டுபோவது ரசம். உப்பும் சூடும் மிளகும் ஒரே மிடற்றில் கிடைக்கும் பானம் வேறெது? ஆனால் வடிகட்டி ஊற்றுங்கள். கறிவேப்பிலை போத்தல் மூடியின் பொறியில் சிக்கினால் அது சரியாக மூடாது.

சாதாரணப் போத்தலில் தண்ணீர் கொண்டுபோவதானால் வெதுவெதுப்பாக நிரப்பி, கம்பளிக் காலுறைக்குள் நுழைத்து, பையில் தலைகீழாக வையுங்கள். பனிக்கட்டி மேலிருந்து உருவாகும் என்பதால் வாய் அடைபடாது. முதுகில் நீர்ப்பையும் தோளில் உறிஞ்சு குழாயுமாக வரும் அமைப்பு கோடைக்கு நல்லது. இங்கே முதலில் உறைவது அந்தக் குழாய்தான்.

மெழுகு என்கிறார்களே, அதையும் சுமக்க வேண்டுமா?

உங்கள் ஸ்கீயைத் திருப்பிப் பாருங்கள். பாதத்தின் கீழ்ப்பகுதியில் மயிர்த்துணிப் பட்டை ஒட்டியிருந்தால் அதற்குப் பிடிமெழுகு, அதாவது பின்னுக்கு வழுக்காமலிருக்க அடியில் பூசும் மெழுகு, தேவையில்லை, பூசவும் கூடாது. அத்தகைய ஸ்கீக்கு, பூச்சியப் பாகையருகே பட்டையில் பனி ஒட்டாமல் காக்கும் திரவத்தின் சிறு போத்தல் ஒன்று போதும். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு நான் பரிந்துரைப்பதும் இவ்வகைதான்.

வழவழப்பான அடிப்பாகம் என்றால் மெழுகு கட்டாயம். நடு ஸ்கீயில் பூசப்படும் பிடிமெழுகில், நீங்கள் காலை ஊன்றி உதைக்கும் கணத்தில் பனித்துகள்களின் முனைகள் குத்தி நிற்கின்றன. அதனால்தான் பின்னுக்கு வழுக்காமல் முன்னேற முடிகிறது. எடை நீங்கியதும் துகள்கள் விடுபட்டு ஸ்கீ வழுக்குகிறது. கடுங்குளிர்ப் பனியின் முனைகள் கூர்மையானவை, அதற்குக் கடினமான மெழுகு. ஈரப்பனியின் முனைகள் மழுங்கியவை, அதற்கு மென்மையான மெழுகு. நிறங்கள் இந்த ஒழுங்கில் அமைந்துள்ளன: பச்சை கடுங்குளிருக்கு, நீலம் நடுத்தரத்துக்கு, ஊதா பூச்சியத்தையொட்டி, சிவப்பு ஈரத்துக்கு. வெயிலில் உருகி இரவில் இறுகிய பனிக்குக் கிளிஸ்டர் என்ற பிசின் உண்டு. அதைப் பையில் வைப்பதற்கு முன் இரண்டு நெகிழி உறைகளில் சுற்றாவிட்டால், உங்கள் மேலங்கியும் ரசப்போத்தலும் ஒன்றாகிவிடும்.

நாம் எடுத்துக்கொண்ட மைனஸ் 7க்கு ஸ்விக்ஸ் நிறுவனத்தின் வீ 40 நீலம் பெரும்பாலும் சரிவரும். புதுப்பனியில் மைனஸ் 1 முதல் மைனஸ் 7 வரை என்று அதன் வரம்பு. அதற்கு மேலும் கீழும் ஒவ்வொன்று, ஒரு தேய்ப்புத்தக்கை, ஒரு சுரண்டி: பையின் மேலறையில் இவை நான்கைந்து தீப்பெட்டிகளின் இடத்தையே அடைக்கும். மெல்லிய படலமாகப் பூசித் தக்கையால் தேய்த்து, மீண்டும் பூச வேண்டும். பின்னுக்கு வழுக்கினால் இன்னொரு படலம், அல்லது சற்றே மென்மையானது. அடியில் பனி கட்டியாக ஒட்டினால் சுரண்டி எடுத்துவிட்டுக் கடினமானதற்கு மாறுங்கள். கடினத்தின்மேல் மென்மையைப் பூசலாம், மென்மையின்மேல் கடினம் நிற்காது. ஆகையால் ஐயமிருந்தால் குளிர்ப்பக்கத்து நிறத்தில் தொடங்குவதே அறிவு.

கைத்தொலைபேசியில் வரைபடமும் விளக்கும் இருக்கும்போது தனியாக எதற்கு?

குளிரில் மின்கலம் தன் கொள்ளளவை இழக்கும் என்பதற்காக. வெளிப்பையில் வைத்த தொலைபேசி, பாதி மின்னேற்றம் காட்டியவாறே திடீரென அணைந்துவிடுவதைப் பலர் கண்டிருப்பார்கள். அதை உடம்போடு ஒட்டிய உள்பையில் வையுங்கள்; ஒரு சிறு மின்வங்கியையும் மாற்றுடைகளுக்கு நடுவே சுருட்டி வையுங்கள். நோர்வேயில் மருத்துவ அவசரத்துக்கு 113, காவற்றுறைக்கு 112. 'ஹெல்ப் 113' என்ற செயலி, அழைக்கும்போது உங்கள் இருப்பிடத்தைக் காட்டிக்கொடுக்கும்.

நெற்றிவிளக்கைப் பொறுத்தவரை நான் விட்டுக்கொடுப்பதில்லை. டிசெம்பர் 21ஆந் தேதியை ஒட்டி ஒஸ்லோவின் பகல் ஆறு மணி நேரத்துக்கும் சற்றுக் குறைவு. பெப்ரவரி நடுப்பகுதியில் ஏறத்தாழ ஒன்பது மணி நேரம். விளக்குக் கம்பங்கள் நட்ட தடங்கள் நகரையொட்டி உண்டு, ஆனால் காட்டின் உட்பகுதியில் மூன்றரை மணிக்கே மரங்களின் நிழல் தடத்தை விழுங்கத் தொடங்கும். இரண்டு கைகளிலும் கோல் பிடித்திருப்பவருக்குக் கைவிளக்கால் பயனில்லை.

வழிக்குறிகளைப் பற்றி ஒரு வரி: மரங்களில் சிவப்பு நிறம் ஸ்கீத் தடம், நீல நிறம் கோடை நடைவழி. நீலத்தைப் பின்பற்றினால் பாறையும் ஓடையும்தான் மிஞ்சும்.

பை எவ்வளவு பெரிதாக, எவ்வளவு கனமாக இருக்கலாம்?

ஒருவருக்கு 20 லீற்றர் அளவு போதும். பிள்ளைகளோடு போகும் பெற்றோருக்கு 30. எடை மூன்று முதல் ஐந்து கிலோவுக்குள் நின்றால் சமநிலை கெடாது. கனமானவை முதுகையொட்டித் தாழ்வாக இருக்கட்டும். மேலே ஏறினால் இறக்கத்து வளைவுகளில் பை உங்களைத் திருப்பிவிடும். இடுப்புப் பட்டியும் மார்புப் பட்டியும் இல்லாத பள்ளிப் பையை எடுத்தால், கோலை வீசும் ஒவ்வொரு முறையும் அது பக்கத்துக்குப் பக்கம் அடிக்கும்.

பையோடு ஓடுவது பெருந்தொல்லை என்று எண்ணுபவர்களுக்குச் சொல்லத்தக்க பந்தயம் ஒன்று உண்டு. ரேனாவிலிருந்து லில்லெஹம்மர் வரை 54 கி.மீ. ஓடும் பிர்கெபைனர் பந்தயத்தில், ஒவ்வொரு போட்டியாளரும் குறைந்தது 3.5 கிலோ எடையுள்ள பையைச் சுமக்க வேண்டும். 1206ஆம் ஆண்டில் உள்நாட்டுப் போரின்போது, பிற்காலத்தில் அரசரான ஹோக்கொன் ஹோக்கொன்சன் என்ற குழந்தையைப் பிர்கெபைனர் என்ற போர்த்தரப்பின் வீரர்கள் ஸ்கீயில் சுமந்து மலை கடந்து காப்பாற்றியதன் நினைவு அது. 1932 முதல் நடக்கும் இந்தப் பந்தயத்தின் பைக்குள் பலர் வைப்பது மேலங்கியும் உணவும்தான். வெறும் சுமையாகத் தொடங்கியது, இவ்வாறு உண்மையான பாதுகாப்புப் பொதியாகவும் ஆகிவிட்டது.

பள்ளியின் ஸ்கீ நாளுக்குப் பிள்ளைக்கு என்ன கட்டிக்கொடுப்பது?

பள்ளி அறிவித்தல்களில் வழக்கமாக வருபவை கம்பளி உள்ளாடை, மாட்பக்கே, சூடான பானம், உட்கார் விரிப்பு, மேலதிகக் கையுறை. இவற்றில் உட்கார் விரிப்பு எது என்று விளங்காமல் சில பெற்றோர் விட்டுவிடுகிறார்கள். அது விளையாட்டுக் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் சதுர நுரைத் துண்டு. பனிமேல் உட்காரும் பிள்ளையின் சூடு கீழ்வழியாகவே போய்விடுவதால், அந்தத் துண்டு ஒரு மேலாடைக்குச் சமம். பெரியவர்களுக்கும் வேண்டும், மடித்துப் பையின் முதுகுப்பக்கத்தில் நுழைத்தால் தனியிடம் கேட்காது.

பிள்ளையின் பையைப் பிள்ளையே கட்டட்டும், நீங்கள் பக்கத்தில் நின்று பார்த்தால் போதும். எது எங்கே இருக்கிறது என்று தெரியாத பிள்ளை, மேலதிகக் கையுறை பையிலிருந்தும் விரல் விறைத்து வீடு வரும். போத்தலைக் கையுறையோடு திறக்க முடிகிறதா என்று முதல்நாள் இரவே சோதித்துப் பாருங்கள். சங்கடம் என்று நினைத்து நம் உணவைத் தவிர்க்க வேண்டியதில்லை; உருளைக்கிழங்குக் கறி சுற்றிய ரொட்டியைத் தாளில் மடித்துக் கொடுத்தால் அதுவும் மாட்பக்கேதான்.

குளிர்க்கடி பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். வழிகாட்டிகளில் 'வெள்ளைத் திட்டு தோன்றும்' என்று எழுதியிருக்கும். நம்முடைய மாநிறத் தோலில் அது வெள்ளையாகத் தெரியாமல், சாம்பல் பூத்தது போலவோ மெழுகு போலவோ மங்கித் தெரியலாம். கன்னம், மூக்கு நுனி, காது மடல் ஆகியவற்றை ஒருவருக்கொருவர் பார்த்துக்கொள்ளுமாறு பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். கண்டால் பனியால் தேய்க்கக் கூடாது. வெறும் உள்ளங்கையால் மெதுவாக மூடிச் சூடாக்க வேண்டும். உணர்வு திரும்பாவிட்டால் மருத்துவரிடம் போக வேண்டும்.

காட்டில் தீ மூட்டலாமா?

குளிர்காலத்தில் மூட்டலாம். காட்டிலும் அதன் அருகிலும் திறந்தவெளித் தீ தடைசெய்யப்படுவது ஏப்ரல் 15 முதல் செப்டெம்பர் 15 வரை. ஏற்கெனவே கல்லடுக்கிய இடம் இருந்தால் அதையே பயன்படுத்துங்கள், உயிருள்ள மரத்தின் பட்டையை உரிக்காதீர்கள். பனிக்கடியில் உலர்ந்த சுள்ளி தேடுவதைவிட, வீட்டிலிருந்து சிறு கட்டு விறகும் தீப்பெட்டியும் கொண்டுபோவது எளிது. ஆழ்பனிமேல் நேரே மூட்டினால் தீ உருகி உருகி உள்ளே இறங்கிவிடும். கீழே பருத்த கட்டைகளை அடுக்கிக்கொள்ளுங்கள்.

மார்ச், ஏப்ரலில் குறைவாக எடுத்துச் செல்லலாமா?

மேலங்கியின் தடிப்பைக் குறைக்கலாம், ஆனால் இரண்டு பொருள்கள் கூடும்: கறுப்புக் கண்ணாடி, வெயிற்பூச்சு. புதுப்பனி தன்மேல் விழும் புறஊதாக் கதிரில் 80 விழுக்காடு வரை திருப்பியனுப்பும். தாடைக்கும் மூக்குக்கும் அடிப்புறத்தில் கீழிருந்து வெயில் படும் நிலம் இது. வெயில் நாட்டில் பிறந்தோம் என்ற துணிவு கண்ணுக்கு உதவாது.

இதே பையுடன் மரமில்லாத உயர்மலைக்குப் போகலாமா?

போகக் கூடாது. ஹார்டங்கர்வித்தா போன்ற மேட்டுவெளியில் காற்றுக்கு மறைப்பில்லை, தடங்கள் சில மணி நேரத்திலேயே பனியால் மூடப்பட்டுவிடும். அங்கே பனிவாரி, பல பேர் ஒருங்கே நுழைந்து உட்காரக்கூடிய காற்றுத்தடுப்புப் பை, காகித வரைபடம், திசைகாட்டி, உடைந்த ஸ்கீ நுனிக்குப் பதில்நுனி, தூக்கப்பை எல்லாம் வேண்டும். நோர்வேச் செஞ்சிலுவைச் சங்கமும் 1868இல் தோன்றிய மலைநடைச் சங்கமும் பரப்பிவரும் மலையறிவு விதிகள் ஒன்பது. அவற்றில் ஒன்று, தனக்கும் பிறருக்கும் உதவத் தேவையானதை உடன் எடுத்துச் செல்லச் சொல்கிறது. இன்னொன்று உரிய நேரத்தில் திரும்பிவிடுங்கள், திரும்புவதில் வெட்கமில்லை என்கிறது. காட்டுப் பையை மலைக்குக் கொண்டுபோவோர் இரண்டாவதைத்தான் முதலில் கையாள நேரும்.

காட்டிலும்கூட ஒட்டுநாடா கொஞ்சம், கோலின் அடிவளையத்துக்கு மாற்று ஒன்று, கொப்புளத்துக்கு ஒட்டுத்துணி, வலிமாத்திரை ஆகியவற்றை ஒரு சிறு பையில் வைத்துக்கொள்ளுங்கள். ஒட்டுநாடாவைக் கோலின்மேலேயே சுற்றி வைத்தால் தேட வேண்டியதில்லை.

எதை எடுத்துச் செல்லக் கூடாது?

கண்ணாடிப் போத்தல், குடை, இரண்டாவது தடித்த மேலங்கி, பெரிய நிழற்படக் கருவி, 'எதற்கும் இருக்கட்டும்' என்று அம்மா கடைசி நிமிடத்தில் நுழைக்கும் மூன்றாவது டப்பா. கடைசியாகச் சொன்னதை மறுப்பதுதான் கடினம். நானும் பலமுறை சுமந்திருக்கிறேன்.

வீடு திரும்பியதும் பையை என்ன செய்வது?

அன்றிரவே வெறுமையாக்குங்கள். ஈரக் கம்பளியை வெப்பமூட்டியின் மேல் நேரடியாகப் போடாமல் காற்றோட்டத்தில் விரியுங்கள். போத்தல்களைக் கழுவி மூடாமல் வையுங்கள்; ரச வாசனை மூடியில் தங்கினால் அடுத்த தடவை தேநீரும் ரசமாகும். நெற்றிவிளக்கையும் மின்வங்கியையும் மின்னேற்றிவிட்டு, உட்கார் விரிப்பு, மெழுகு, ஒட்டுநாடாப் பை, தீப்பெட்டி ஆகியவற்றைப் பையிலேயே விட்டுவிடுங்கள். அடுத்த சனிக்கிழமை காலையில் உடையும் உணவும் மட்டும் சேர்த்தால், ஒன்பது மணி ரயிலைப் பிடித்துவிடலாம்.